ஆகாயத்துக்கு ஒரு டிக்கட்டு

சென்னை மார்க்கமாகப் பெங்களூருக்கு வரும் ரயில், பங்காரப்பேட்டையையும் மாலூரையும் கடந்து நகரை நெருங்கும்போது தென்படும் நிலையம் வைட்ஃபீல்ட். நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, பெட்டியும் படுக்கையுமாக இவ்வூர் மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தது அந்த நிலையத்தில்தான். இன்று வைட்ஃபீல்ட் என்றதும் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளும், வானளாவிய குடியிருப்புகளும், 2023-ஆம் ஆண்டு முதல் ஓடுகின்ற மெட்ரோ ரயிலுமே எல்லோர் நினைவுக்கும் வரும். இவ்வூரின் பிறப்போ முற்றிலும் வேறு விதமானது.

1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு இங்கே 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அச்சங்கத்தை முன்னின்று நடத்திய டேவிட் இமானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட் என்பவரின் பெயராலேயே ஊர் விளங்குகிறது. அக்காலத்துச் சாதாரண உத்தியோகஸ்தர் ஒருவர், தனி ஒருவராகக் காடு திருத்தி, கிணறு வெட்டி, பாதை போட்டுக் குடியேறுவதென்பது நடவாத காரியம். பலர் கூடிச் சங்கமாயினர், சங்கம் நிலத்தைப் பெற்றது, குடும்பங்கள் குடியேறின. தனியாருக்கு எட்டாத பொருள் சங்கத்துக்கு எட்டும் என்னும் உண்மைக்கு இவ்வூரே சாட்சி. இதை நான் எதற்காகச் சொல்ல வந்தேன் என்பதைப் போகப் போக நேயர்கள் அறிவார்கள்.

இவ்வூருக்குப் புதிதாக வந்தவர்களைக் கவர்கின்ற காட்சி ஒன்று உண்டு. மேற்கே, மாரத்தஹள்ளியைத் தாண்டியதும் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்படும் வரை, பெங்களூரின் பிரயாணிகள் விமானங்கள் யாவும் இங்கேதான் இறங்கின. இப்போது அந்தக் கூட்டம் இல்லையாயினும் வானம் வெறுமையாக இல்லை. ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன, போர் விமானங்கள் காது செவிடுபடும்படி பாய்கின்றன, இடையிடையே, தும்பி போன்ற சிறு விமானம் ஒன்று அவசரமின்றி ஊர்ந்து செல்கிறது. மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பெண்மணிகளும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டே குனிகிறார்கள்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அத்தகைய சிறு விமானம் ஒன்றைப் பார்த்து, "அப்பா, இதில் யார் ஏறுவார்கள்? நம்மைப் போன்றவர்கள் ஏற முடியாதா?" என்று கேட்டாள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். எந்த ரயில் எந்த நிலையத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்டால் சொல்வேன். இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அதன் பின்னர் சில மாத காலம் படித்தும், விசாரித்தும், நேரில் போய்ப் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விமானம் ஓட்டக் கற்பது என்றவுடன் நம்மவர் வீடுகளில் முதலில் எழுவது கடனைப் பற்றிய பேச்சு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார், மகனை விமானி ஆக்கவேண்டும் என்ற ஆசையால், ஊரில் இருந்த நன்செய் நிலத்தை அடமானம் வைத்து, ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டினார்கள். அங்கே விமானம் பழுது, எஞ்சினுக்குப் பாகம் வரவில்லை, ஆசிரியர் இல்லை என்று பறக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. வட்டி மட்டும் எந்தப் பழுதும் இன்றி மாதந்தோறும் ஓடியது. பையன் இப்போது வேறு உத்தியோகத்தில் இருக்கிறான். நிலம் இன்னும் மீளவில்லை. இதைக் கண்ணால் கண்டவர்கள் "ஆகாயமும் வேண்டாம், அடமானமும் வேண்டாம்" என்று சொல்வதில் என்ன பிழை?

ஆயினும் இரண்டு பாதைகளை ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளலாகாது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் வணிக விமானி லைசென்சு வேண்டும்; அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; பௌதிகமும் கணிதமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். தமது விருப்பத்துக்காக மட்டும் பறப்பவருக்குத் தனியார் விமானி லைசென்சு என்று வேறொன்று உண்டு. அதற்குப் பதினேழு வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 40 மணி நேரப் பறத்தலும் போதும். எழுத்துத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இதை வைத்துக்கொண்டு கூலிக்கு விமானம் ஓட்டக் கூடாது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு, இந்த விதியைப் படித்தபோது உண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்!

இந்த இரண்டாம் பாதையைச் சாமானியர்க்குத் திறந்துவிட்டவை ஃபிளையிங் கிளப் எனப்படும் விமானக் கழகங்களே. 1925-இல் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் 'மாத்' என்னும் இரண்டு ஆசனச் சிறு விமானத்தைச் செய்தனர். அதே ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம், கழகங்களுக்கு விமானமும் மானியமும் கொடுத்து, பொதுமக்கள் பறக்கக் கற்க வழி செய்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வேற்பாடு நம் நாட்டுக்கும் வந்தது. டில்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய நகரங்களில் கழகங்கள் தோன்றின. சென்னைக்கும் ஒன்று வாய்த்தது. பம்பாய்க் கழகத்தில் கற்ற ஜே. ஆர். டி. டாடா, 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் எண் லைசென்சைப் பெற்றார். அவர் செல்வர், அவருக்குக் கழகம் இல்லாவிட்டாலும் வழி பிறந்திருக்கும். 1936-இல் லாகூர்க் கழகத்தின் விமானத்தில், புடவை உடுத்தி, தனியே பறந்த இருபத்தொரு வயது சரளா தக்ராலுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நம்மவர் கதை ஒன்றும் இதில் உண்டு. சென்னைக் கழகத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்த கேப்டன் வி. சுந்தரம், 1948-இல் மைசூர் அரசாங்கம் பெங்களூருக்கு வடக்கே ஜக்கூரில் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்றார். அப்பள்ளியில் 1949-இல் முதன்முதலாகத் தேறி வெளிவந்தவர், அவருடைய மனைவி உஷா சுந்தரம். சுதந்தர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்கிறார்கள். 1950-இல் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய 'டவ்' விமானத்தை, கணவனும் மனைவியுமாக இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். நம் நாட்டில் மாட்டு வண்டிப் பிரயாணம் மறையாத நாளில் நடந்த காரியம் இது!

இனி நம் வைட்ஃபீல்டின் பக்கத்துக்கே திரும்புவோம். 1940-ஆம் ஆண்டு டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசாங்கத்தோடு சேர்ந்து தொடங்கியதே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. போர் விமானங்களை மட்டுமே அது செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழகங்களுக்கென்றே அங்கே பிறந்த விமானம் ஒன்று உண்டு. அதன் பெயர் புஷ்பக். 1958 செப்டம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. ஆசனம் இரண்டு, இறக்கை தலைக்கு மேலே, எஞ்சினின் சக்தி வெறும் 90 குதிரை. ஆடம்பரம் ஏதுமற்ற அந்தப் புஷ்பகங்கள் ஏறக்குறைய நூற்றைம்பது செய்யப்பட்டு நாடெங்கும் உள்ள கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அவற்றில் ஒன்று ஹரியானா மாநிலத்துக் கர்னால் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. அவ்வூரில் ஒரு பெண் குழந்தை, தன் தமையனோடு சைக்கிளில் சுற்றும்போதெல்லாம் கழகத்து விமானங்களை அண்ணாந்து பார்ப்பாள். ஏறிப் பார்க்க வேண்டும் என்று தகப்பனாரிடம் கேட்டாள். அவரும் கழகத்துக்கு அழைத்துப் போய்ப் புஷ்பக்கில் ஒரு முறை ஏற்றிவிட்டார். 1997-இல் விண்வெளிக்குச் சென்று, 2003 பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்கலம் சிதைந்தபோது மறைந்த கல்பனா சாவ்லாவே அக்குழந்தை. இதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தகப்பனார் மகளுக்காக விமானம் வாங்கவில்லை. சிற்றூரில் ஒரு கழகம் இருந்தது. சில நிமிஷப் பறத்தலுக்கு அது இடம் கொடுத்தது.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். இராமேசுவரத்தில் பிறந்து, விமானியாக வேண்டும் என்று ஏங்கிய அப்துல் கலாம், விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் வரை போனார். இடங்கள் எட்டு, அவருக்குக் கிடைத்த வரிசையோ ஒன்பது. அதன் பின்னர் அவர் ராக்கெட்டுகளின் பக்கம் திரும்பியது நாட்டுக்கு நன்மையாகவே முடிந்தது. என்றாலும், படையில் இடம் இல்லையென்றால் பறப்பதற்கு வேறு வாசல் இல்லை என்ற நிலை, பத்திரிகையில் பெயர் வராத எத்தனை பிள்ளைகளுக்கு நேர்ந்திருக்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு ஜக்கூருக்குப் புறப்பட்டேன். புறப்படும்போது என் மனைவி, "தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் வாங்க உங்களால் முடியவில்லை, ஆகாயத்துக்குப் போகிறீர்களாக்கும்!" என்றாள். ரயில்வே குமாஸ்தாவின் மனைவிக்குத்தான் இப்படிச் சொல்ல வரும். பதில் சொல்லாமல் படியிறங்கினேன்.

பேருந்தில் ஹெப்பாள் சென்று, அங்கிருந்து பல்லாரிச் சாலையில் ஏலகங்கா செல்லும் வண்டியில் ஏறி ஜக்கூரில் இறங்கினோம். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே வயல்களின் நடுவே இருந்த மைதானம். இப்போது நாற்புறமும் நகரம் வந்து நெருக்குகிறது. இருநூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தைப் பார்த்தால், வீட்டுமனை விலை தெரிந்த எவருக்கும் பெருமூச்சு வரும். பக்கத்து நெடுஞ்சாலையில் எழுந்த மேம்பாலம் ஓடுபாதைக்கு இடையூறாயிற்று என்ற வழக்கும் நெடுநாள் நடந்தது. அரசுப் பள்ளியிலும் இடையில் சில ஆண்டுகள் பயிற்சி தடைப்பட்டுக் கிடந்து, பிறகு மறுபடி தொடங்கிற்று. வாயிற்காவலர் எங்களைக் கண்டதும், உள்ளே விட அனுமதி இல்லை என்று முதலில் மறுத்தார். பின்பு குழந்தையின் முகத்தைப் பார்த்து, "பன்னி" என்று நிழலுக்கு அழைத்து, வேலியோரமாக நின்று பார்க்கச் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் சிறு விமானம் ஒன்று இறங்கி மறுபடி ஏறியது. சக்கரம் தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில் என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். இது எனக்குப் பழக்கமான துறை.

ஒரு விமானத்தின் செலவு இரு வகைப்படும். கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனை ஆகியவை விமானம் பறந்தாலும் பறவாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டியவை. எரிபொருளும் எஞ்சின் தேய்மானமும் பறந்த நேரத்துக்கு ஏற்றவை. கணக்குக்காக, முதல் வகைச் செலவு ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செல்வர் ஒருவர் தம் சொந்த விமானத்தில் ஆண்டுக்கு 50 மணி நேரம் பறந்தால், மணிக்கு 20,000 ரூபாய் அந்த வகையில் மட்டும் விழும். அதே விமானத்தைக் கழகத்து உறுப்பினர்கள் முறை வைத்து 500 மணி நேரம் பறந்தால், மணிக்கு 2,000 ரூபாய்தான். விமானம் அதுவே, கொட்டகை அதுவே. ரயிலிலும் நடப்பது இதுதான். எஞ்சினையும் தண்டவாளத்தையும் எவரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்வதால் காட்பாடிக்குச் சில நூறு ரூபாயில் போய்ச் சேருகிறோம். கழகம் என்பது ஆகாயத்துக்கு விற்கப்படும் டிக்கட்டு.

அப்படியானால் இன்றும் நம் நாட்டில் ஒரு மணி நேரப் பறத்தலுக்குப் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பானேன்? முதற்காரணம், பழைய கழகங்கள் பெரும்பாலும் வணிக விமானிகளை உருவாக்கும் பள்ளிகளாக மாறிவிட்டன. முன்னாளில் அரசாங்க மானியத்தின் துணையால் ஞாயிற்றுக்கிழமைகளில் பறந்த வக்கீலும் டாக்டரும் கல்லூரி மாணவனும் மறைந்தார்கள். கடன் வாங்கி 200 மணி நேரத்தை முடிக்கத் துடிப்பவனுக்கே இடம் போதவில்லை. 40 மணிக்காரனை யார் வரவேற்பார்கள்? இரண்டாவது காரணம் எரிபொருள். இவ்விமானங்களுக்கான தனி வகைப் பெட்ரோல் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் அதை உள்நாட்டில் செய்து வெளியிட்டது. பயிற்சிக்கு மிகுதியாகப் பயன்படும் ஸெஸ்னா விமானம் ஒன்று மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் பக்கத்து வீட்டாரே மறுபடியும் கைகொடுக்கிறார்கள். பழைய விமான நிலையச் சாலையில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் 'ஹன்சா' என்னும் இரண்டு ஆசன விமானத்தை உருவாக்கி, 1993-இல் பறக்கவிட்டது. உலோகமன்று, கண்ணாடி இழைகளைப் பசையிட்டு இறுக்கிச் செய்த உடல். 2000-ஆம் ஆண்டில் சான்றிதழ் பெற்று, சில விமானங்கள் கழகங்களுக்கும் போயின. ஆனால் ஒரு டஜன் அளவோடு நின்றுவிட்டன. நூற்றைம்பது புஷ்பகங்கள் எங்கே, ஒரு டஜன் ஹன்சாக்கள் எங்கே! இப்போது அதன் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது. 2022 பிப்ரவரியில் இங்கிருந்து புதுச்சேரிக்கு ஒன்றரை மணி நேரத்தில் சென்று, கடல் மட்டத்தில் பரிசோதிக்கப்பட்டது. மோட்டார் வண்டிக்கு ஊற்றும் சாதாரணப் பெட்ரோலே அதற்குப் போதும் என்பது பெரிய ஆறுதல். பெருமளவில் செய்து விற்பதற்காக 2025-இல் தனியார் நிறுவனம் ஒன்றிடம் அதை ஒப்படைத்திருக்கிறார்கள். அவை நிறைய வெளிவந்து, அவற்றுள் ஒரு பகுதியேனும் 40 மணிக்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டால், இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லாமல் போகும்.

மாநில அரசாங்கங்கள் பழைய மானியத்தை மறுபடி கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பணக்காரர் பொழுதுபோக்குக்குப் பொதுப்பணமா என்று சிலர் கேட்கலாம். மானியம் இல்லாவிட்டால்தான் அது பணக்காரர் பொழுதுபோக்காக இருக்கும். நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் கொடுப்பதைப் போல, பதினாறு வயது முதல் இருபது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டில் சில மணி நேரத்துக்கு மட்டுமேனும் உதவினால் போதும்.

அதுவரையில் நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உள்ளன. மாரத்தஹள்ளிக்கு அருகே, 2001-இல் திறக்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பொருட்காட்சிச் சாலை இருக்கிறது, சிறிய கட்டணந்தான், குழந்தைகளை அழைத்துச் சென்றால் பழைய விமானங்களை மிக அருகில் நின்று பார்க்கலாம். கல்லூரியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். அதில் சேரும் பிள்ளைகளுக்குச் சிறு விமானத்தில் ஏறிப் பழகும் வாய்ப்புக் கிடைக்கிறது, பெற்றோருக்குச் செலவில்லை. இன்று நம்மைப் போன்ற வீடுகளுக்கு உள்ள மிக மலிவான டிக்கட்டு இதுவே. பதினாறு வயதானால் மாணவ விமானி லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். ஜக்கூரில் தனியார் சிலர், கட்டணம் பெற்றுக்கொண்டு, சில நிமிஷ நேரம் சிறு விமானத்தில் ஏற்றிக் காட்டுகிறார்கள். அத்தொகையைத் தீபாவளிப் பட்டாசுச் செலவில் கழித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு என் மனைவி இதுவரை மறுப்புச் சொல்லவில்லை.

என் மகளுக்கு வேறொரு கவலை இருந்தது. அவள் மூக்குக் கண்ணாடி அணிபவள்; அதனால் விமானம் ஓட்ட விடமாட்டார்கள் என்று பள்ளித் தோழி சொல்லிவிட்டாளாம். விதிகளைத் தேடிப் பார்த்தேன். கண்ணாடி அணிந்த பிறகு பார்வை சரியாக இருந்தால், தனியார் விமானி லைசென்சுக்கு அது தடையன்று.